கந்தோர்க் கடதாசியும் எங்கள் பங்கும்



இன்று குப்பையைப் பற்றிப் பேசப் போகிறேன். வீட்டுக் குப்பை அல்ல, அரசாங்கக் கந்தோர்களில் சேரும் கடதாசிக் குப்பை. "அது அவர்களின் பாடு, எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். அந்தக் கடதாசியில் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நாங்கள்தான்.

முதலில் பேர்ண் நகரத்துக்குப் போவோம். சுவிஸ் கூட்டாட்சி அரசாங்கம் 1999ஆம் ஆண்டு 'ரும்பா' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. தன் கந்தோர்கள் எவ்வளவு மின்சாரம், வெப்பம், தண்ணீர், கடதாசி பாவிக்கின்றன, எவ்வளவு குப்பை சேருகிறது, வேலைப் பயணம் எவ்வளவு என்று கணக்கு வைக்கும் ஏற்பாடு அது. குப்பைக்கூடையோடு நிற்காமல், பாவிக்கும் கடதாசியையும் எண்ணுகிறார்கள். கணக்காளனான எனக்கு அதுதான் பிடித்த விசயம்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. 20 பேர் வேலை செய்யும் ஒரு கந்தோரில் ஆளுக்கு நாளுக்கு 10 தாள் வீணாக அச்சடித்தால், 220 வேலை நாளில் 44,000 தாள். அதாவது 88 கட்டு, 220 கிலோ. அத்தனையையும் பழைய கடதாசியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் மீள்சுழற்சி நூறு வீதம் என்று அறிக்கை எழுதலாம். ஆனால் வாங்கிய காசு போனது போனதுதான். மீள்சுழற்சிக்கும் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கடதாசியின் நாரும் குட்டையாகிக்கொண்டே போகும். அச்சடிக்காத தாளுக்கு இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

கடதாசியின் அருமையை ஊரில் கண்டவர்கள் நாங்கள். வாழைச்சேனை ஆலையில் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின.

இனி எங்கள் பங்கு. தஞ்சம் கேட்டு வந்த நாளிலிருந்து கடதாசிதான் எங்களுக்குக் காவல். ஒரு கடிதம் தவறினால் என்ன ஆகுமோ என்று ஒன்றுக்கு மூன்று பிரதி எடுத்துப் பழகினோம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதைக் காப்பது, எதை விடுவது என்று தெரிந்தால் பயமும் குறையும், கட்டும் குறையும்.

பிறப்பு, விவாகப் பத்திரங்கள், தஞ்சக் கோரிக்கை முடிவு, குடியுரிமைக் கடிதம் ஆகியவற்றின் அசலை எந்நாளும் வைத்திருங்கள். வரி சம்பந்தப்பட்டவற்றைப் 10 வருடம் வைத்திருப்பது நல்லது. கந்தோருக்குக் கேட்டதை மட்டும், இரண்டு பக்கமும் அச்சடித்துக் கொடுங்கள். அசல் பத்திரத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். ஸ்கான் செய்தபின் கடதாசியை அழித்துவிடும் கந்தோர்களும் உண்டு. எங்கள் ஃப்ரிபூர்க் மாநிலத்தில் வரிப் படிவத்தை ஃப்ரிடாக்ஸ் மூலம் இணையத்திலேயே அனுப்பலாம். பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருத்துங்கள்.

எறியும்போது பெயரும் ஏவிஎஸ் இலக்கமும் உள்ள பகுதியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள். கடைப் பற்றுச்சீட்டு பழைய கடதாசியோடு சேராது, அதைக் குப்பைப்பையில் போடுங்கள். நல்ல கடதாசியைக் குப்பைப்பையில் போட்டால் அது பொசியுவில் உள்ள சைடெஃப் எரிஆலைக்குத்தான் போகும். பைக்கும் நீங்கள்தானே காசு கொடுக்கிறீர்கள்!

அடுத்த முறை கருமபீடத்தில் நிற்கும்போது, "இதற்குப் பிரதி தேவையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேவையில்லை என்று பதில் வந்தால் அவர்களுக்கும் மிச்சம், எங்களுக்கும் மிச்சம்.