விரலும் நினைவும் கூறும் சாட்சி

(பழவேற்காடு ஏரிக்கரைப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், மீனவர்களே குவளை கொண்டு அதை அள்ளியதையும் தாங்கள் அறிவீர்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், பாதரசம் தெரியாது. நிலக்கரியில் சிறிதளவு இருக்கும் அது, எரிக்கும்போது புகையோடும் சாம்பலோடும் வெளியேறுகிறது. நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதைக் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. பிறகு சிறு மீனில் கொஞ்சமாகவும், அதைத் தின்னும் பெரு மீனில் மிகுதியாகவும் சேர்கிறது. ஜப்பானில் மினமாட்டா மீனவர்களின் கை கால்கள் நடுங்கித் தளர்ந்தது இதனால்தான். அந்நோய் 1956-இல் வெளிப்பட்டது.

நோய் முற்றுமுன் அறிய வழி உண்டா? உண்டு. பாரோ தீவுகளில் மக்கள் திமிங்கில இறைச்சி உண்பவர்கள். அங்கே 1986, 1987-இல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசத்தை அளந்து, ஏழு வயதில் அவர்களைச் சோதித்தனர். விரலால் விரைவாகத் தட்டச் சொன்னார்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். சொற்களை நினைவிலிருந்து திருப்பிச் சொல்லச் செய்தார்கள். பார்வைக்கு நலமாக இருந்த பிள்ளைகளிடத்திலும், பாதரசம் கூடக்கூட மொழி, கவனம், நினைவு ஆகியவை சற்றே குறைந்திருந்தன. பின்னர் தாய்மார் அவ்விறைச்சியைத் தவிர்க்குமாறு அரசு அறிவுறுத்தியது.

இது பைத்தியப் பரீட்சை அன்று, அஞ்ச வேண்டாம். மீனையும் கைவிட வேண்டாம். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பாதரசம் குறைவே.

ஆயினும் இச்சோதனை எளிதில் ஏமாற்றும். பள்ளி செல்லாதவர் எழுத்துச் சோதனையில் பின்தங்குவார். அது நஞ்சின் குற்றமாகாது. மதுவும் தூக்கமின்மையும் விரலைத் தாமதிக்கச் செய்யும். ஆகவே இதே தொழிலும் படிப்பும் கொண்ட, ஆலைக் கழிவு எட்டாத வேறொரு கரையூரோடு ஒப்பிட வேண்டும். கேள்விகள் நம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், நலமாக இருக்கும்போதே ஒரு கணக்கை எடுத்து வைப்பது. நாளை ஒருவர் "என் கை முன்போல் வலை பின்னவில்லை" என்று முறையிட்டால், முன்பு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஏடு வேண்டாமா? மருத்துவக் கல்லூரியார் இதற்கென வருவாராயின், பஞ்சாயத்து ஓர் அமைதியான பள்ளி அறையை ஒதுக்கட்டும். இரவெல்லாம் வலையோடு நின்றவரை மறுநாள் காலை உட்கார வைக்காமல், அவருக்குப் பாடு இல்லாத நாளாகப் பார்த்து அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.