ஈகை வளர்த்த உறவு



1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம், திருச்செங்கோட்டை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தையும் வாட்டி வதைத்தது. அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்த கிறித்தவப் புலவர் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாகப் பணியாற்றி ஈட்டிய பொருளைப் பசித்தோர்க்கு உணவாக்கினார். உண்பவரின் சமயம் வினவவில்லை. அதனை அறிந்து நெகிழ்ந்த சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் போற்றிக் கீர்த்தனை இயற்றினார்.

பரிசில் பெற்றுப் புரவலரைப் பாடுதல் பழைய மரபு. பாரதியார் பாடியதோ பிறர் பசி தீர்ந்தமைக்காக! பிறனை உடன்பிறந்தானாகக் கொள்வதே கிறித்தவ அன்பின் சாரம். சேர்த்து வைத்த பொருள் ஒருவனுக்கே உரியது. ஈந்த பொருளோ இரு சமயத்தாரை உறவாக்கியது.

பத்தாண்டு நிறைந்த இவ்வவையின் கவிஞர்களே, உங்கள் பாட்டு யாருடைய செல்வத்தைப் போற்றப்போகிறது? சேர்த்தவன் செல்வத்தையா, பகிர்ந்தவன் செல்வத்தையா?