கிர்கிஸ்தானில் மூணு நாள் ட்ரெக்: பிளானை எங்கே தொடங்குறது?

இன்னைக்கு நாம பேசப்போறது கிர்கிஸ்தான். அது எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: கஜகஸ்தானுக்குத் தெற்கே, சீனாவுக்கு மேற்கே. பெரும்பகுதி தியான்ஷான் மலைத்தொடர். நம்ம கடிகாரத்தைவிட அரை மணி நேரம்தான் முன்னாடி.

அங்கே முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்ற ரூட் அலாகுல் ஏரி. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கரகோல் ஊருக்கு சுமார் 400 கிலோமீட்டர். மர்ஷ்ருத்கான்னு ஒரு ஷேர் வேன் ஓடும். அதுக்கே ஒரு பகல் போயிடும். அங்கிருந்து நடை மூணு நாள்.

நிறைய பேர் ஃப்ளைட்டை முதல்ல புக் பண்ணிட்டு, மிச்ச நாள்ல ட்ரெக்கை அடைக்கிறாங்க. அதைத் தலைகீழா பண்ணுங்க. இந்த ரூட்ல கஷ்டமான இடம் ஒண்ணே ஒண்ணுதான்: ஏரிக்கு மேல, கிட்டத்தட்ட 3,900 மீட்டர்ல இருக்கிற கணவாய். அந்தப் பக்கம் இறக்கம் செங்குத்து, பூராவும் சரளைக்கல். ஜூலை, ஆகஸ்ட்லகூட மதியத்துக்கு மேல இடி, ஆலங்கட்டி மழை, சில நேரம் பனி வரும். அதனால காலையிலேயே சீக்கிரம் கணவாயைத் தாண்டணும். அதுக்கு ஏத்த மாதிரி மத்த நாளைப் பின்னாடியிருந்து அடுக்குங்க.

முதல் நாள் கரகோல் பள்ளத்தாக்கு வழியா சிரோட்டா கேம்ப், சுமார் 2,900 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது முதல் ராத்திரியே தமிழ்நாட்டோட உச்சியைவிட உயரத்துல தூங்குறீங்க. ரெண்டாம் நாள் ஏரிக்கரையில டெண்ட் போட ஆசை வரும், போட்டோ அப்படி இருக்கும். ஆனா ஏரி 3,500 மீட்டருக்கு மேல. 3,000 மீட்டரைத் தாண்டினா தூங்குற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாதுங்கிறது பொதுவான விதி. அதனால தலைவலி இல்லாம, வானம் தெளிவா இருந்தா, அன்னிக்கே கணவாயைத் தாண்டி அல்தின் அராஷானுக்கு இறங்கிடுங்க. சுமார் 2,500 மீட்டர், வெந்நீர் ஊற்று வேற இருக்கு. நாள் நீளம்தான், ஆனா உடம்புக்கு அதுதான் நல்லது. மூணாம் நாள் அக்சூ கிராமம் வரைக்கும் சுலபமான இறக்கம்.

இப்போ முக்கியமான விஷயம். இந்த மூணு நாளோட கூட ஒரு சும்மா நாள் வைங்க. நம்ம ப்ராஜெக்ட்ல பஃபர்னு சொல்வோமே, அதேதான். அது இல்லைன்னா, கணவாய்ல மேகம் கறுக்கும்போது, "நாளைக்கு ஃப்ளைட் இருக்கே"ன்னு ஏறிடுவீங்க. வானிலையைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவை டிக்கெட் எடுத்துடும். தலைவலி, குமட்டல் கூடிக்கிட்டே போனா கீழே இறங்குங்க. நடை தள்ளாடினா, பேச்சு குழறினா, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. மேல சிக்னல் கிடைக்கும்னு நம்பாதீங்க, உதவி வரவும் நேரமாகும். கூட வர்றவங்ககிட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வைங்க: யார் ஒருத்தர் "திரும்பலாம்"னு சொன்னாலும் எல்லாரும் திரும்பணும், கேலி கிடையாது.

கடைசியா சில சின்ன விஷயம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர் ஆகும்னு படிங்க; பல பாலிசில உச்சவரம்பு இருக்கும். கேஸ் சிலிண்டரை விமானத்துல கொண்டுபோக முடியாது, கரகோல்ல வாங்கிக்கலாம். ஆஃப்லைன் மேப்பை இங்கேயே இறக்கி வைங்க. சீன எல்லைப் பக்கம் போற ரூட்டுகளுக்குத் தனி பெர்மிட் வேணும், அலாகுலுக்கு வேண்டாம். சாப்பாட்டுல இறைச்சிதான் அதிகம், சைவக்காரங்க பருப்பு, அவல், ரெடிமேட் உப்புமா எடுத்துட்டுப் போறது நல்லது. கரகோல் திரும்பினதும் அஷ்லான்-ஃபூ சாப்பிடுங்க: டுங்கான் மக்களோட குளிர்ந்த நூடுல்ஸ், புளிப்பும் காரமும் நம்ம நாக்குக்கு ரொம்பப் பழகினது.

பட்ஜெட்டை அடுத்த எபிசோட்ல பிரிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் காலண்டரைத் திறந்து, அந்த ஒரு சும்மா நாளுக்கு லீவ் கிடைக்குமான்னு பாருங்க.