சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு எதற்கு?

(தொடக்கக் கல்வி குறித்து நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பினாங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வரலாறு, சமூகம், குடிமை போன்ற பாடங்களைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா, கற்பிக்கத்தான் வேண்டுமா என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடியும், வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

1990களின் பிற்பகுதி. நான்காம் ஆண்டு வகுப்பு. கஜியான் தெம்பாத்தான், அதாவது வட்டார ஆய்வுப் பாடம். "1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைத் தோற்றுவித்தார்" என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தாத்தா டோபி காட்டில் சலவைத் தொழில் செய்தவர்.

"டீச்சர், அவரு வர்றதுக்கு முன்னாடி இங்க யாருமே இல்லியா?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் சோதனையில வராதுப்பா. உட்காரு."

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுதும் அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பத்து வயதுப் பையன் கேட்டான். அதை நான் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டேன்.

யாருமற்ற தீவா?

உண்மை என்ன? இந்தத் தீவு கெடா சுல்தானுக்கு உரியதாக இருந்தது. லைட் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பத்து உபான் பகுதியில் சுமத்ராவிலிருந்து வந்தவர்கள் குடியேறியிருந்ததை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கெடா துறைமுகங்களில் அதற்கு முன்பே வாணிபம் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, அந்தப் பையனின் சந்தேகம் சரியானது.

"இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடியுமா, ஒப்பந்தம், அரசுரிமை என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பந்தம் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வாக்குக் கொடுப்பது என்றால் என்னவென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு மறந்து பாருங்கள், தெரியும்!

அப்படியென்றால் கதையை இப்படிச் சொல்லலாம். கெடா சுல்தானுக்கு சயாமைக் கண்டு பயம். ஆபத்து வந்தால் ஆங்கிலேயர்கள் படை அனுப்பி உதவுவார்கள் என்ற நம்பிக்கையில் தீவை லைட்டிடம் விட்டார். 1786 ஆகஸ்டு 11ஆம் தேதி இங்கே கொடி ஏற்றப்பட்டது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி படை உதவி தர மறுத்துவிட்டது. சுல்தான் 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்கப் படை திரட்டினார், தோற்றார். பிறகு ஆண்டுக்கு 6,000 டாலர் பெற்றுக்கொள்வதாக உடன்படிக்கை ஆயிற்று. அதன் வழிவந்த ஆண்டுத் தொகை இன்றும் கெடாவுக்குப் போகிறது.

இதைச் சொல்லிவிட்டு, "வாக்கைக் காப்பாற்றாதது யார்? சுல்தான் என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் அடித்துக்கொண்டு பேசுவார்கள். அந்தப் பேச்சுதான் சமூகவியல் பாடம். ஆண்டும் தேதியும் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தள்ளி வைக்கப்பட்ட பாடம்

இந்தப் பாடத்தை நாம் எப்படி நடத்தி வந்தோம் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் முழுதும் மொழி, கணிதம், அறிவியல் இவற்றுக்குத்தான் மதிப்பு. வட்டார ஆய்வு அந்தத் தேர்வில் இல்லை. அதனால் தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையில் கணிதப் பயிற்சி நடக்கும். நானும் அப்படிச் செய்தவள்தான், மறைக்கவில்லை.

2014 முதல் வரலாறு நான்காம் ஆண்டிலிருந்து ஒரு கட்டாயப் பாடமாக வந்துவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2013 முதல், எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும் என்றும் ஆகிவிட்டது. யு.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நம் பழக்கம் மாறியதா? பத்து வயது வரை "அது முக்கியமில்லை" என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் பதினேழு வயதில், "வரலாற்றில் தோற்றால் சான்றிதழே இல்லை" என்கிறோம். பிள்ளை என்ன செய்யும்? மனப்பாடம் செய்யும். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும்.

கொடிக்கயிறும் வீட்டுப் பாட்டியும்

என்ன செய்யலாம்? நான் பிற்காலத்தில் வகுப்பில் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பணம் காசு தேவையில்லை.

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் காலம் என்றால் என்னவென்று புரிய வேண்டும். வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கயிறு இருக்கிறதல்லவா? அதைக் கட்டி, ஒரு முனையில் பிள்ளையின் இன்றைய படம், அடுத்து குழந்தையாக இருந்தபோது எடுத்த படம், அடுத்து அம்மாவின் பள்ளிப் படம், கடைசியில் பாட்டியின் கல்யாணப் படம் என்று கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். "பாட்டியும் சின்னப் பொண்ணா இருந்தாங்களா?" என்று ஆச்சரியப்படும். வரலாறு அந்த ஆச்சரியத்தில்தான் தொடங்குகிறது.

ஏழெட்டு வயதில் தெருவைக் கற்கட்டும். வீட்டிலிருந்து பள்ளி வரை ஒரு படம் வரையச் சொல்லுங்கள். தெருப் பெயர்களைக் கேளுங்கள். நம் ஊரில் பெயர்களே பாடப் புத்தகம். லெபோ பாசாரை நம்மவர்கள் கடைத்தெரு என்றார்கள். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர். ஆர்மேனியன் தெரு, ஆச்சே தெரு, சூலியா தெரு என்று ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்தவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். இது தெரிந்த பிள்ளை அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும்.

ஒன்பது பத்து வயதில் பெரியவர்களைப் பேட்டி காணட்டும். ஒருமுறை ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். 1941 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் குண்டு போட்டதிலிருந்து 1945 வரைக்குமான காலம். ஒரு பிள்ளை, "மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடாம், எங்க தாத்தாவோட அண்ணனை சயாம் மரண ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்களாம், திரும்பியே வரலியாம்" என்றது. இன்னொரு பிள்ளை, "எங்க பாட்டிக்கு ஜப்பான் பாட்டு தெரியும் டீச்சர், சொல்லிக் கொடுத்த வாத்தியார் ரொம்ப நல்லவராம்" என்றது. வகுப்பில் ஒரே சத்தம். "யார் சொல்றது பொய் டீச்சர்?" என்று கேட்டார்கள்.

இம்முறை நான் உட்காரச் சொல்லவில்லை. "இருவரும் பொய் சொல்லவில்லை. அப்போது யாருக்கு என்ன வயது, யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் கேட்டு வந்தார்கள். ஒருவர் தோட்டத்தில் இருந்தவர், மற்றவர் பட்டணத்துப் பள்ளியில் படித்தவர். ஒரே காலத்தை இருவர் இரண்டு இடத்திலிருந்து பார்த்தார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பெரிய பெயர் சொல்வார்கள். ஒன்பது வயதில் பாட்டியே கற்றுக் கொடுத்துவிட்டார்.

பினாங்கில் நடந்த முயற்சி

இது என் ஒருத்தியின் கற்பனை இல்லை. ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பு 1999இல் நம் பினாங்கில் தொடங்கியது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஜேனட் பிள்ளை அதற்கு வித்திட்டவர். "அனாக்-அனாக் கோத்தா", அதாவது பட்டணத்துப் பிள்ளைகள், என்ற திட்டத்தின்கீழ் பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து ஜோர்ஜ்டவுன் தெருக்களுக்கு அழைத்துப் போனார்கள். பிள்ளைகள் கைவினைஞர்களையும் கடைக்காரர்களையும் முதியவர்களையும் பேட்டி கண்டார்கள், வரைபடம் வரைந்தார்கள், கேட்டதைக் கதையாகவும் நாடகமாகவும் ஆக்கினார்கள்.

அது நடந்த காலத்தையும் கவனியுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கம் முதல் வாடகைகள் ஏறின. தலைமுறை தலைமுறையாகப் பழைய கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்த வீடுகளில் வாழ்ந்த நம் பெரியவர்கள் ஆயர் ஈத்தாமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டார்கள். அவர்களோடு அவர்கள் கதையும் போய்க்கொண்டிருக்கிறது. சுவருக்குச் சாயம் மறுபடி அடிக்கலாம். பாட்டி போய்விட்டால் யாரிடம் கேட்பது?

இரண்டு தயக்கங்கள்

பெற்றோர்களுக்கு இரண்டு தயக்கம் உண்டு. முதலாவது, "கணிதமும் அறிவியலும்தானே சோறு போடும்?" என்பது. நான் கணிதத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று ஆராயத் தெரியாத பிள்ளை, நாளை கைத்தொலைபேசியில் வரும் எல்லாச் செய்தியையும் நம்பும். அதற்குக் கணிதத்தில் மருந்து இல்லை.

இரண்டாவது, "இனம், மதம் என்று பேசினால் பிள்ளைகள் மனம் கெட்டுவிடாதா?" என்பது. இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் 1960களில் ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர், மனிதன் எதனால் மனிதன் என்ற பெரிய கேள்வியை எடுத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம் அமைத்தார். வடதுருவத்து இனுவிட் மக்களின் கடினமான வாழ்க்கையும் அதில் வந்தது. அது பிஞ்சு மனங்களுக்கு ஏற்றதல்ல என்று 1975இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை எதிர்ப்பு போனது. பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்பதே நான் அதில் கண்ட படிப்பினை.

நமக்கோ வழி சுலபம். கப்பித்தான் கிளிங் தெருவில் நடந்து பாருங்கள். 1818இல் கட்டிய செயிண்ட் ஜோர்ஜ் தேவாலயம் தொடங்கி, குவான் யின் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரு சின்ன நடைக்குள் அடங்கும். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருவான லெபோ குவீனில் இருக்கிறது. "இவர்கள் எல்லாம் ஏன் இவ்வளவு பக்கத்தில் கட்டினார்கள்?" என்று பிள்ளை கேட்கட்டும். அண்டை வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை அவரை வெறுக்காது.

நம் பெருமையையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். 1025இல் இராஜேந்திர சோழன் கடாரம் வென்றான் என்று மார்தட்டிச் சொல்கிறோம். கடாரம் என்பது கடலுக்கு அப்பால் தெரிகிற இதே கெடாதான். "அன்றைக்குக் கடாரத்தில் இருந்த ஒரு சின்னப் பையன் என்ன நினைத்திருப்பான்?" என்றும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். அதனால் நம் பெருமை குறைந்துவிடாது. நம் பிள்ளைகளுக்கு நியாயம் பார்க்கத் தெரியவரும்.

இந்நாட்டில் தமிழ்க்கல்வி பிறந்ததே நம் பினாங்கில்தான். 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. 2016இல் அதன் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அந்தப் பெருமைக்கு உரிய ஊரில், ஒரு தமிழ்ப்பிள்ளை கேள்வி கேட்டுவிட்டு வாயடைத்து உட்காரக் கூடாது.

பெற்றோர்களே, இந்த வார விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்கார வைத்து, "நீங்க என் வயசில எங்க இருந்தீங்க?" என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பி உங்களை ஏதாவது கேட்டு, உங்களுக்கு விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியலப்பா, வா தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பையனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.