ஐந்தாவது கதவு

மெர்லிமாவில் நாற்பது வருடத்துக்கு மேல் கார் பட்டறையில் கிடந்தவன் பேசுகிறேன். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், நிலையத்தார் பயப்பட வேண்டாம்.

ஸ்டேஷன் வேகனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "கார் சந்தையில் அதன் இடம் எப்படி மாறியது என்று சொல்லுங்கள் ஐயா" என்றார் நிகழ்ச்சி தயாரிக்கும் தம்பி. ஷோரூமிலிருந்து மாமரத்தடிக்கு மாறியது, அவ்வளவுதான் என்றேன். பன்னிரண்டு நிமிடத்துக்கு அது போதாதாம். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஸ்டேஷன் என்பது ரயில் ஸ்டேஷன்தான். அமெரிக்காவில் ரயிலை விட்டு இறங்கும் ஆளையும் பெட்டியையும் ஒன்றாக ஏற்றிப்போன மரக்கூண்டு வண்டிக்கு வந்த பெயர் அது. நம் மலாக்காவுக்கும் தம்பினிலிருந்து ஒரு ரயில் பாதை இருந்தது, இளையவர்களுக்குத் தெரியாது. யுத்தத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைக் கழற்றிச் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனான். ஸ்டேஷனைக் கொண்டுபோனவன் முப்பது வருடம் கழித்து வேகனை விற்க வந்தான் என்று என் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளைக்காரன் இதை எஸ்டேட் கார் என்பான். அவன் ஊரில் எஸ்டேட் என்றால் பிரபுவின் பண்ணை. நாயையும் துப்பாக்கியையும் பின்னால் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவதற்கு அந்தக் கார். நமக்கு எஸ்டேட் என்றால் பெரட்டுக்களமும் லயமும் ஒட்டுப்பாலும். பெயர் அவனுடையது என்றாலும் அந்தக் காரைத் தோட்டத்துக்கு ஏற்றபடி வேலை வாங்கியவர்கள் நம் ஆட்கள்தான்.

1971-இல், பதினாறு வயதில், ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே உள்ளே வந்து நின்றது ஒரு மோரிஸ் மைனர் டிராவலர். பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிராணியுடையது. துரை சீமைக்குத் திரும்பும்போது மலிவாக விட்டுப்போனதை வாங்கி வைத்திருந்தார். முன்பாதி மற்ற மோரிஸ் மாதிரி தகரம், பின்பாதி மரச்சட்டம். அந்த மரம் அழகுக்கு ஒட்டியது என்று பலபேர் நினைப்பார்கள். இல்லை நேயர்களே, காரின் எலும்பே அதுதான். ஆஷ் என்கிற சீமை மரத்தில் கூடு கட்டி, நடுவில் அலுமினியத் தகடு செருகியிருப்பான். 1953-இல் வரத் தொடங்கிய இந்தக் கார், நான் பட்டறைக்கு வந்த அதே 1971-இல் நின்றுபோனது.

நம் ஊர் மழைக்கு அந்த மரம் என்ன ஆகும்? சட்டத்தின் அடிமூலையில் விரலை வைத்தேன், குழைந்த சோற்றில் போவதுபோல உள்ளே போய்விட்டது. பக்கத்தில் வெள்ளையாகச் சின்னதாய் ஒரு காளான். தவுக்கே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "தம்பி, இது நம்ம வேலை இல்லை. ஆசாரியைக் கூப்பிடு" என்றார். தோட்டத்து ஆசாரி வந்தார். ஆஷ் மரத்துக்கு மெர்லிமாவில் எங்கே போவது? அவரிடம் இருந்தது செங்கால். வீட்டுத் தூணுக்குப் போடுகிற மரம், இரும்பு மாதிரி இருக்கும். இழைத்து, பொருத்தி, வார்னிஷ் அடித்தார். பார்க்க ராஜா வண்டிதான். ஆனால் பின்னால் இருந்த இரட்டைக் கதவைத் திறந்தால் கீல் அழுதது, காரே ஒரு பக்கம் சாய்ந்தது. கிராணி ஐயா தலையில் கை வைத்தார். "ஆசாரி, கார்க் கதவு கேட்டேன், நீர் கோயில் கதவு செய்து கொடுத்திருக்கிறீரே!" பிறகு பத்து வருடம் அந்தக் கார் ஓடியது. வேறெது போனாலும் அந்தக் கதவு போகவில்லை.

எழுபதுகளில் ஜப்பான் கார் பெருகியது. டட்சன் பூட்டும் டான் சோங் நிறுவனம் 1976-இல் செகாம்புட்டில் ஆலை திறந்தது. டட்சன் 120 ஒய் என்றால் இன்றும் சில பெரியவர்களுக்குக் கண் கலங்கும். 1,171 சிசி எஞ்சின். தண்ணீரும் எண்ணெயும் ஊற்றினால் போதும், கோபமே வராது. அதன் வேகனுக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். நாங்கள் என்ன செய்வோம், கூடுதலாக ஒரு பட்டை செருகிக் கொடுப்போம். செருகாவிட்டால் பாரம் ஏறியதும் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், இரவில் லைட் ரோட்டில் விழாது, தென்னைமர உச்சியில் விழும். எதிரில் வருபவன் கெட்ட வார்த்தையில் திட்டுவான்.

பாரம் என்றால் என்னென்ன என்று கேளுங்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. பத்து மணிக்கு ஒட்டுப்பால் மூட்டை. மாலையில் பசாருக்கு. ராத்திரியில் பிரசவ வலி வந்தவளை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு. யாராவது தவறிப்போனால், அதற்கும் அதே கார்தான். ஒரு தோட்டத்தின் பிறப்பும் இறப்பும் அந்தப் பின்கதவு வழியாகத்தான் போய் வந்தன.

ஒருமுறை பழைய கார் வியாபாரி ஒருவர் ஒரு 120 ஒய் வேகனைக் கொண்டுவந்து, "என்ன செய்தாலும் நாற்றம் போகவில்லை, காப்பித்தூள் மூன்று பொட்டலம் தூவிவிட்டேன்" என்றார். பின்பாயைத் தூக்கினேன். ஸ்பேர் டயர் படுக்கும் குழியில் எப்போதோ ரப்பர் பால் டின் கவிழ்ந்து உறைந்திருக்கிறது. விளிம்பைக் கத்தியால் நெம்பி இழுத்தேன். பெரிய தோசை மாதிரி, கிழியாமல் ஒரே ஷீட்டாக உரிந்து வந்தது. குழியின் வட்டம், நட்டுப் பூட்டும் மேடு, ஓரத்து வெல்டிங் புள்ளிகள் எல்லாம் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. அதைக் கழுவிப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்பார்கள். 120 ஒய் போட்டோ என்பேன்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். இந்த ஒரு கதையை மட்டும் விட முடியாது தம்பி, உபயோகமான கதை.

1978 தைப்பூசம். பெரியப்பாவின் வேகனில் பத்துமலைக்குக் கிளம்பினோம். ஐந்து பேர் உட்காரும் காரில் பெரியவர் ஐவர், பின்னால் பாய் விரித்துப் பிள்ளைகள் ஆறு பேர். காவடி கொஞ்சம் நீளம், பின்கதவு மூடவில்லை. கயிறு போட்டுப் பாதி திறந்த மாதிரி கட்டினோம். நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது 1994-இல்தானே, அப்போது அலோர் காஜா, சிரம்பான், மந்தின் மலை வளைவு என்று பழைய ரோட்டில்தான் போக வேண்டும். மந்தினில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அடுத்தது இன்னொன்று. மூன்றாவது பிள்ளை தலை வலிக்கிறது என்று சுருண்டுவிட்டது. வளைவில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று பெரியம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்.

வளைவு இல்லை நேயர்களே. நான் மெக்கானிக், எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஓடுகிற காரின் பின்பக்கத்தில் காற்று மெலிந்து உள்ளிழுக்கும். பின்கதவு திறந்திருந்தால் சைலன்சர் புகை வெளியே போகாமல் சுழன்று காருக்குள்ளேயே வரும். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. முன்னால் இருப்பவருக்குத் தெரியாது, பின்னால் படுத்திருக்கும் குழந்தைகளுக்குத்தான் முதலில் அடிக்கும். முருகன் காப்பாற்றினார், ஆறு பேரும் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அலமாரியையோ வாழைமரத்தையோ ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்து ஓட்டுகிறீர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். வேறு வழி இல்லையென்றால் பக்கத்துக் கண்ணாடிகளை இறக்கி, முன்னாலிருந்து காற்று உள்ளே வரும்படி ஃபேனை முழுதாக வையுங்கள். பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்புங்கள்.

வேகன்களில் எனக்கு உயிர் என்றால் வோல்வோ 245. 1967-லேயே ஷா ஆலம் பத்து தீகாவில் வோல்வோ பூட்டும் ஆலை வந்துவிட்டது, நாட்டின் முதல் கார் பூட்டும் ஆலை அதுதான் என்பார்கள். அந்த நம்பரின் அர்த்தம் தெரியுமா? இரண்டு என்பது வரிசை, நான்கு என்பது சிலிண்டர், ஐந்து என்பது கதவு. பின்கதவையும் ஒரு கதவாக எண்ணி நெற்றியிலேயே எழுதிக்கொண்ட கார்! மலாக்காவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். பின்னால் மடக்கி வைக்கும் சின்ன சீட்டு, பிள்ளைகள் பின்பக்கம் பார்த்து உட்காருவார்கள். சிக்னலில் நின்றால் பின்னால் நிற்கும் லாரிக்காரருக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவார்கள். அந்தக் காரின் பின்கதவை ஒரு விரலால் தூக்கலாம். மற்றவர்களுடைய வேகன்களில் அப்சோபர் செத்துப்போய், ரப்பர் மரக் குச்சியை முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். குச்சி நழுவி மண்டையில் வாங்கியவர்கள் மெர்லிமாவில் ஒரு சங்கமே வைக்கலாம்.

சரி, ஏன் போயிற்று? வேகமாகச் சொல்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஆட்கள் தாமானுக்குக் குடிவந்தார்கள். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. அதில் சாதாக் கார் வந்தது, பின்பக்கம் சரிந்த ஏரோபேக் வந்தது, வேகன் மட்டும் வரவில்லை. தாமானில் வீட்டு முன்னால் வேகன் நின்றால், "என்ன அண்ணே, வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். வாய் கொழுத்தவர்கள் சவ வண்டி என்றார்கள். பெண் பார்க்கப் போகிறவன் வேகனில் போவானா? தொண்ணூறுகளில் நிசான் ஏடி ரிசோர்ட் என்று நல்ல வேகன் ஒன்று வந்தது. பெயரில் உல்லாசம் இருந்தும் நான் பார்த்தவரை துணி மூட்டைக்காரர்களிடம்தான் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேன்கள் எடுத்துக்கொண்டன.

கடைசி ஆணி 2009. அந்த வருடம் ஜனவரி 1-இலிருந்து பின்சீட்டுக்காரரும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம். அதுவரை மடியை எண்ணிக் கார் வாங்கிய சனம் பெல்ட்டை எண்ணத் தொடங்கியது. வேகனில் எவ்வளவு இடம் இருந்தாலும் பெல்ட் ஐந்துதானே. அதே வருடம் ஏப்ரலில் புரோட்டோன் எக்ஸோரா, நவம்பரில் பெரோடுவா அல்சா. இரண்டிலும் ஏழு பெல்ட். தாத்தா பாட்டி உள்ள வீட்டில் வேறு கேள்வியே இல்லை. 2020-இலிருந்து குழந்தைக்குத் தனி இருக்கையும் கட்டாயம், பாய் விரித்த காலம் அத்தோடு முடிந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. காவடிக் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பழைய அல்சாவில் ஏழு பேரும் ஏறினால் பின்னால் ஒரு பொங்கல் பானை வைக்க இடம் இல்லை. சர்வீசுக்கு வரும் அல்சாக்களைப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் மூன்றாவது வரிசையை மடக்கியே வைத்திருக்கிறார்கள். மேலே பாய், அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, மாமியார் கொடுத்துவிட்ட வாழைத்தார். மடக்கிய சீட்டை நிமிர்த்தினால் உள்ளே பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருக்கிறது. ஒரு அக்காவிடம் சொன்னேன், "அக்கா, நீங்கள் ஓட்டுவது வேகன்." அவருக்குக் கோபம். "இது எம்பிவி" என்றார். சரிங்க அக்கா என்று எண்ணெய் மாற்றிக் கொடுத்தேன்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 1983 கடைசியில் கிரைஸ்லர் மினிவேன் வந்ததும் வேகன் ஓரம் போனது. ஐரோப்பா வேறு மாதிரி. 2023-இல் வந்த புதிய பசாட் அங்கே வேகனாக மட்டும்தான் வந்தது, சாதாக் காரையே நிறுத்திவிட்டான். நம்மூரில் இப்போது உயரமான எஸ்யூவி மோகம். வளைவில் தரையோடு ஒட்டிப் போகும் சுகம் அதில் கிடைக்காது. அதைப் பற்றி இன்னும் நிறைய... சரி தம்பி, சரி, முடித்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சுங்கை ரம்பைக்குப் போகும் வழியில், ஒரு வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் நீலத் தார்ப்பாய் போட்டு ஒரு 120 ஒய் வேகன் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன், கேட்க நாக்கு எழவில்லை. அந்த வீட்டுக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். வலதுபக்கப் பின்விளக்கு உடைந்திருக்கிறது, ரோட்டிலிருந்தே தெரிகிறது. அந்த விளக்கு ஒன்று, 1982-இல் வாங்கியது, பெட்டிகூடப் பிரிக்காமல் என் பட்டறைப் பரணில் இருக்கிறது.