ஏழு மட்டைகள்

நான் வாழும் நாகல் நகருக்கு மேற்கே, கோடைக்கானல் மலையில், 1895-இல் தோன்றிய கோல்ஃப் கழகம் ஒன்று உண்டு. அவ்வாட்டத்தில் நெடுந்தொலைவுக்கு ஒரு மட்டை, மணற்பள்ளத்திற்கு ஒன்று, குழியில் உருட்ட ஒன்று எனப் பல உள. இருபதுக்கு மேல் சுமந்தோரும் இருந்தமையால், பதினான்கே உச்ச அளவு என்னும் விதி அமெரிக்காவில் 1938-இல் நடைமுறைக்கு வந்தது. குறைவுக்கோ வரம்பில்லை. 1916-இல் சிக் எவான்ஸ் ஏழே மட்டைகளுடன் ஆடி, 286 அடிகளில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அச்சாதனை இருபது ஆண்டுகள் நிலைத்தது. மட்டை குறைந்தால், ஒன்றையே முழுவீச்சாகவும் அரைவீச்சாகவும் ஆளக் கை பழகிவிடுகிறது.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், மூலைமட்டம் கொண்டுவராத மாணவன் ஒருவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். மாலையில் அவன் ஏட்டைக் கண்டேன். கவராயமும் அளவுகோலும் மட்டுமே கொண்டு பிழையற்ற செங்கோணம் வரைந்திருந்தான். தலைகுனிந்தேன்.

வறுமையை நான் புகழவில்லை. இல்லாததை வாங்கித் தருதல் பெரியோர் கடன். கையிலிருப்பதன் ஆற்றலை முழுதும் அறிதல் உங்கள் கடன்.