சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் கேட்கிறது?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'காலையில் முரண்டு பிடிக்கும் பழைய கார்' என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா வகைக் கார்களும் 1994-இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சிலும் இன்றும் நம்மவர்கள் வீட்டு வாசலில் நிற்கின்றன. பேருந்து இல்லாத நேரத்தில் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அந்தக் கார் கிளம்பாவிட்டால் அன்றைய சம்பளமும் போகும், வேலையிடத்தில் நல்ல பெயரும் போகும். அதனால் இது வேடிக்கையான சமாச்சாரம் அல்ல.

கார் கிளம்பவில்லை என்றால் உடனே என்ன செய்கிறோம்? "பேட்டரி போச்சு" என்கிறோம். புது பேட்டரி வாங்கிப் போடுகிறோம். இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது, மூன்றாம் நாள் பழைய கதைதான். பிறகு ஸ்டார்ட்டர், அதற்குப் பிறகு காயில் என்று பொருள் மேல் பொருளாக மாற்றிக்கொண்டே போகிறோம். காரின் விலையே சில ஆயிரம் வெள்ளிதான், பொருளுக்குக் கொடுத்தது அதில் பாதி ஆகிவிடுகிறது. நான் கேட்டுக்கொள்வதெல்லாம், காசை வெளியே எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள் என்பதுதான்.

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். சாவியைத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது பேட்டரி முனையில் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு அதோடு அமைதியானால், ஸ்டார்ட்டரைத் தூண்டும் சொலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் போய்ச் சேரவில்லை. எந்தச் சத்தமும் இல்லையா? ஆட்டோ கியர் காராக இருந்தால் கியரை 'என்' இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'பி'-யில் இருக்கும் சுவிட்ச் தேய்ந்து போயிருந்தால் கார் வாயே திறக்காது. இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் அது வேறு கதை. பேட்டரியைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது கண். காருக்குள் இருக்கும் கூரை விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணையும் நிலைக்குப் போனால் பேட்டரியையும் அதன் முனைகளையும் சந்தேகப்படுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்க, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால் குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. அதற்கும் ஸ்டார்ட்டருக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது.

இந்த இடத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கிறது. கூரை விளக்குக்கு ஒரு ஆம்பியர் கூடத் தேவையில்லை. பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பு, ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடைதான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 150 ஆம்பியர் போகும்போது அந்த இடத்திலேயே 3 வோல்ட் விழுங்கப்பட்டுவிடும். 12 வோல்ட்டில் 3 போனால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்? ஆகவே விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது என்பதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டக்கூடாது.

என்னிடம் வந்த ஒருவர், தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், ஏற்கெனவே இரண்டு பேட்டரியும் ஹாஃப்கட் கடையில் வாங்கிய ஒரு ஸ்டார்ட்டரும் மாற்றியிருந்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றொன்றை இஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, அவரைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய மீட்டர் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிள் உறைக்குள்ளேயே இற்றுப் போயிருந்தது. அவருடைய எண்ணெய் மிதியின் கேபிள் கூடச் சூடாகியிருந்தது. மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது! ஒரு கேபிளும் இரண்டு போல்ட்டும் போட்டதில் வேலை முடிந்தது. அந்தப் பேட்டரிகளுக்குக் கொடுத்த காசு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகியிருக்கும் என்று அவர் மனைவி சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தச் சோதனையைச் சாவி திருப்பும்போதுதான் செய்ய வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். மீட்டரின் முனையைப் பேட்டரிக் கவ்வியில் வைக்காமல் ஈயத் தூணிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் கவ்விக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் அழுக்கு தப்பிவிடும்.

பேட்டரியே குறை என்றால் அதையும் மீட்டர் சொல்லும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12-க்குக் கீழே போனால் காலி. சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது எனலாம். இஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், நம்மவர்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். குளிர் நாட்டில் பேட்டரியின் எதிரி பனி என்பார்கள். நம் நாட்டில் வெயிலும் இஞ்சின் சூடும்தான் அதன் தகடுகளை அரித்துவிடுகின்றன. இங்கே இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி போவது அதிசயம் இல்லை.

சரி, இஞ்சின் சுற்றியும் பற்றாத கதைக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மயிரிழை விரிசலில் ஈரம் இறங்கினால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே தரையைத் தொட்டுவிடும். கழற்றித் துடைத்துக் காயவைத்தால் அன்றைக்குக் கார் கிளம்பும், ஆனால் மூடியையும் பிளக் வயர்களையும் மாற்றியே ஆக வேண்டும்.

மாறாக, ஓட்டி வந்து கடைக்குள் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பினால் கிளம்பவில்லை, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது என்றால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் சூட்டில் கொதித்து வழிந்து இஞ்சின் நனைந்திருக்கும். மிதியை அடித்து அடித்து மிதிக்காதீர்கள். முழுவதும் அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள், காற்று உள்ளே போய் நனைந்தது உலரும். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்ற வேண்டாம், அரை நிமிடம் விட்டுவிட்டு முயலுங்கள், ஸ்டார்ட்டருக்கும் உயிர் இருக்கிறது. பல நாள் நிறுத்தி வைத்த காரில் இதற்கு நேர்மாறாகக் கார்புரேட்டர் கிண்ணம் வற்றிப் போயிருக்கும். இழுத்து நிரப்பக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான்.

போத்தலில் பெட்ரோல் கொண்டுவந்து கார்புரேட்டர் வாயில் ஊற்றிவிட்டு இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்கிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். இஞ்சின் பின்னோக்கி வெடித்தால் தீ நேராக முகத்துக்கு வரும். கேபிள் போட்டு வேறு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போதும் அப்படித்தான். சிவப்பை இரண்டு பாசிட்டிவ் முனையிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல் அந்தக் காரின் இஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு, கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி தெறிக்கும்.

நேயர்கள் தொலைபேசியில் காத்திருப்பதாக நெறியாளர் கை காட்டுகிறார். கேள்வி கேட்பவர்கள், சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் கேட்டது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.